இரவில் ஒலியைக் குறைத்தால் ஹெட்ஃபோன் ஏன் சோகைபிடிக்கிறது? பணம் செலவழிக்கும் முன் செய்ய வேண்டியவை

எங்கள் வீட்டில் குழந்தை உறங்கிய பிறகு, பத்தரை மணிக்கு மேல்தான் எனக்குப் பாட்டுக் கேட்க நேரம் கிடைக்கும். அவன் சிணுங்கினால் காதில் விழ வேண்டும் என்பதால் ஒலியை நன்றாகக் குறைத்து வைப்பேன். பகலில் நெஞ்சில் வந்து இறங்கும் மிருதங்கத்தின் தொப்பி (தாழ்ந்த ஒலி தரும் பக்கம்), அந்த நேரத்தில் அட்டைப்பெட்டியைத் தட்டுவதுபோல் கேட்கும். கூர்மையான ஒலி தரும் வலந்தலையின் மீட்டும் சாப்பும் மட்டும் துல்லியமாக இருக்கும். தம்புராவில் மந்தரத் தந்தி இருப்பதே தெரியாது.

ஹெட்ஃபோன் பழசாகிவிட்டது என்று நினைத்துப் புதிதாக ஒன்று வாங்கினேன். குறை தீரவில்லை. "பவர் போதவில்லை" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ஹெட்ஃபோனுக்குப் போகும் ஒலியைப் பெருக்கும் ஒரு ஆம்ப்ளிஃபையர் (ஆம்ப்) வாங்கினேன். பழைய குறை அப்படியே இருக்க, பாடகரின் குரல் வலப்பக்கம் சாயும் புதுக் குறை ஒன்றும் சேர்ந்துகொண்டது. சர்வீஸ் சென்டருக்கு இரண்டு நடை நடந்தேன். மூன்று மாதமும் பதினேழாயிரம் ரூபாயும் இப்படிப் போயின. கடைசியில் எனக்குத் தேவைப்பட்டது பழைய ஹெட்ஃபோனுக்கு 650 ரூபாயில் ஒரு ஜோடிப் புதுப் பஞ்சும், காசில்லாமல் மாற்றக்கூடிய நான்கு அமைப்புகளும்தான். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம். கீழே உள்ள வரிசைப்படியே போங்கள். முடிந்தவரை செலவில்லாதவற்றை முதலில் வைத்திருக்கிறேன்.

1. குறையைப் பிரித்து எழுதுங்கள் (15 நிமிடம், செலவில்லை)

"சவுண்ட் சரியில்லை" என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு எதையும் சரிசெய்ய முடியாது. உங்களுக்கு மனப்பாடமான ஒரு பாட்டையும், செய்தி வாசிப்பவர் ஒருவரின் குரலையும் எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான ஒலியளவில் ஒருமுறை, இரவில் வைக்கும் ஒலியளவில் ஒருமுறை கேளுங்கள். பிறகு இவற்றில் எது உங்கள் குறை என்று குறித்துக்கொள்ளுங்கள்:

- பேஸ் (தாழ்ந்த, கனத்த ஒலி) மட்டும் காணாமல் போகிறது, மற்றவை சரி: படி 2, 3, 7.
- குரல் நடுநெற்றியில் நிற்காமல் ஒரு பக்கம் சாய்கிறது: படி 4.
- பாட்டுக்கு அடியில் "ஸ்ஸ்" என்ற சத்தம், அல்லது பாட்டின் முதல் நொடி வெட்டுப்படுகிறது: படி 6.
- ஒரு புள்ளி கூட்டினால் அதிகம், ஒரு புள்ளி குறைத்தால் ஒன்றுமே கேட்கவில்லை: படி 5.

ஒன்றுக்கு மேற்பட்டவை இருக்கலாம். எனக்கு முதல் இரண்டும் இருந்தன. இரண்டையும் ஒரே நோயாக நினைத்ததுதான் நான் செய்த பெரிய தவறு.

இன்னொரு குறையும் உண்டு. அது ஒலியளவைப் பொறுத்ததே இல்லை, ஆனால் பலர் குழம்பிப்போகிறார்கள்: வாத்தியங்கள் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும், பாடகரின் குரல் மட்டும் மறைந்துவிடும். இப்படிக் கேட்டால் 3.5 மில்லிமீட்டர் பிளக் முழுதாகச் செருகப்படவில்லை, அல்லது இரண்டு பக்கத்துக்கும் பொதுவான இணைப்பு விட்டுப்போயிருக்கிறது. போனைப் பாக்கெட்டில் வைப்பவர்களுக்கு அந்தத் துளையின் அடியில் துணிப்பஞ்சு இறுகிக்கிடக்கும். போனை அணைத்துவிட்டு, மரப் பல்குச்சியால் மெதுவாக எடுங்கள். ஊசி வேண்டாம்.

2. உங்கள் காதின் பங்கைக் கழித்துப் பாருங்கள்

ஒலி குறையக் குறைய, மனிதக் காது பேஸைத்தான் முதலில் கைவிடுகிறது. இது எல்லோருக்கும் பொது. எந்த ஒலி காதுக்கு எவ்வளவு உரக்கக் கேட்கும் என்பதற்கான சர்வதேசத் தரநிலை ஐஎஸ்ஓ 226; அதன் வரைகோடுகளைப் பார்த்தால் அளவு புரியும். 1000 ஹெர்ட்ஸ் ஒலி 40 டெசிபலில் ஒலிக்கும்போது, அதே உரப்பில், பேஸ் பகுதியைச் சேர்ந்த 100 ஹெர்ட்ஸ் ஒலியும் கேட்க அதற்கு ஏறத்தாழ 64 டெசிபல் தேவை. வித்தியாசம் 24. முதல் ஒலியை 80 டெசிபலுக்கு உயர்த்தினால் இரண்டாவதற்கு ஏறத்தாழ 92 போதும். வித்தியாசம் 12 ஆகச் சுருங்கிவிடுகிறது. ஆக, பகலில் சமமாகக் கேட்ட தொப்பியும் வலந்தலையும், ஒலியைக் குறைத்த அந்தக் கணமே சமம் இழக்கின்றன. எவ்வளவு விலை உயர்ந்த ஹெட்ஃபோனும் இதிலிருந்து தப்ப முடியாது.

இங்கேதான் பெரிய பொறி இருக்கிறது. கடைக்காரரும் நண்பர்களும் "ஆம்ப் வாங்குங்கள், பேஸ் வந்துவிடும்" என்பார்கள். கணக்கைப் பாருங்கள். 1 மில்லிவாட்டுக்கு 100 டெசிபல் தரும் சாதாரண ஹெட்ஃபோனில் 70 டெசிபல் கேட்க, ஒரு மில்லிவாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு மின்திறன் போதும். அதை எந்த போனும் கொடுக்கும். குறைந்த ஒலியில் கேட்பவருக்குப் பவர் பற்றாக்குறை என்பதே கிடையாது. இந்த ஒரு பத்தியை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால் எட்டாயிரம் ரூபாய் மிஞ்சியிருக்கும்.

3. காற்றுக் கசிவைத் தேடுங்கள் (10 நிமிடம், செலவு 0 முதல் 1,500 ரூபாய் வரை)

காதைச் சுற்றி மூடும் ஹெட்ஃபோனிலும் காதுக்குள் செருகும் இயர்போனிலும், உள்ளே காற்று அடைபட்டிருந்தால்தான் பேஸ் நிற்கும். சிறு இடுக்கு இருந்தாலும் ஒழுகிவிடும். உரத்து வைக்கும்போது மிச்சமிருக்கும் பேஸே போதுமானதாகத் தோன்றும். ஒலியைக் குறைத்தால் காதின் இயல்பும் இந்த ஒழுக்கும் சேர்ந்துகொண்டு இரட்டை நஷ்டம்.

சோதனை எளிது. பாட்டு ஓடும்போது இரண்டு கிண்ணங்களையும் உள்ளங்கையால் காதோடு லேசாக அழுத்துங்கள். பேஸ் திடீரென்று திரண்டு வந்தால் கசிவு இருக்கிறது. கண்ணாடி அணிபவர்கள் அதைக் கழற்றிவிட்டு ஒருமுறை கேளுங்கள். கண்ணாடியின் காம்பு காதுக்கு மேலே பஞ்சைத் தூக்கி நிறுத்தும். எனக்கு அதுவும் இருந்தது. அதற்கு மேல், நான்கு வருட வியர்வையில் என் ஹெட்ஃபோனின் பஞ்சு கெட்டியாகி, மேலுறை செதில் செதிலாக உரிந்து, விரலால் அழுத்தினால் பள்ளம் அப்படியே நின்றது. நல்ல பஞ்சு உடனே எழும்பி வர வேண்டும்.

மாற்றுப் பஞ்சு ஜோடி பொதுவாக 400 முதல் 1,500 ரூபாய்க்குள் கிடைக்கும். வாங்கும்போது உங்கள் ஹெட்ஃபோனின் மாடல் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். "எல்லாவற்றுக்கும் பொருந்தும்" என்று விற்பவை பெரும்பாலும் ஆழத்திலும் துளையிலும் வேறுபடும், ஒலியின் குணமே மாறிவிடும். கண்ணாடிக்காரர்களுக்குத் தோல்போன்ற உறையைவிட மென்மையான துணியுறை வசதியாகத் தோன்றும். ஆனால் துணி காற்றை விடும், பேஸ் குறையும்.

இயர்போன் வைத்திருப்பவர்கள் பெட்டியில் வந்த மூன்று அளவு ரப்பர் முனைகளையும் போட்டுப் பாருங்கள். வலது காதுக்கும் இடது காதுக்கும் வேறு வேறு அளவு பொருந்துவது சகஜம். ஒலி வரும் வலையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். காதழுக்கு (மெழுகு) அடைத்திருந்தால் வலையைக் கீழ்நோக்கிப் பிடித்து, உலர்ந்த மென்பிரஷ்ஷால் துடையுங்கள். சானிடைசர், தண்ணீர் எதையும் ஊற்றக் கூடாது.

4. குரல் ஒரு பக்கம் சாய்கிறதா?

போனில் 'ஆக்சஸிபிலிட்டி' பகுதிக்குள் இடது வலது சமநிலைக் கோடு ஒன்று இருக்கும். முதலில் அது நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். கைதவறி நகர்ந்திருக்கக்கூடும். அதே இடத்தில் 'மோனோ ஆடியோ'வை (இரண்டு காதுக்கும் ஒரே ஒலியை அனுப்பும் வசதி) தற்காலிகமாகப் போட்டுவிட்டுச் செய்தி வாசிப்பவரின் குரலைக் கேளுங்கள். குரல் நடுநெற்றியில் நிற்க வேண்டும்.

சாய்வு இருந்தால் ஹெட்ஃபோனை இடம்வலம் மாற்றி அணியுங்கள். சாய்வு எதிர்ப்பக்கம் போனால் குறை கருவியிலோ ஹெட்ஃபோனிலோ இருக்கிறது. அதே காதில் நின்றால் படி 8-க்குப் போங்கள். எதிர்ப்பக்கம் போனவர்கள், ஹெட்ஃபோனை வேறொரு போனில் செருகிப் பாருங்கள். அங்கேயும் சாய்ந்தால் ஹெட்ஃபோனோ கேபிளோ காரணம். அங்கே சரியாக இருந்தால் உங்கள் ஆம்ப்ளிஃபையரின் குமிழ்தான் காரணம்.

குமிழைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைக் கோளாறு என்றே பலர் அறிவதில்லை. விலை குறைந்த ஆம்ப்ளிஃபையர்களில் வால்யூம் குமிழுக்குள் இடத்துக்கு ஒன்று, வலத்துக்கு ஒன்று என இரண்டு கார்பன் தடங்கள் இருக்கும். குமிழின் ஆரம்பப் பகுதியில் இரண்டு தடங்களும் ஒன்றுபோல் இருப்பதில்லை. கடிகார முள்ளாக நினைத்துக்கொள்ளுங்கள்: குமிழ் 7 மணியில் தொடங்குகிறது என்றால், 9 மணி வரை ஒரு பக்கம் முந்திக்கொள்ளும், அதற்கு மேல் சமமாகிவிடும். இரவில் நாம் கேட்பது அந்த 7-க்கும் 9-க்கும் இடையில்தான். என் ஆம்ப்பில் எட்டு மணிக்கு இடப்பக்கம் ஏறக்குறைய ஊமை. பத்து மணியில் குரல் சரியாக நடுவில் வந்து நின்றது, ஆனால் குழந்தை விழித்துக்கொள்ளும் அளவுக்குச் சத்தம்.

வழி என்னவென்றால், குமிழை மேலே கொண்டுபோய், வேறு இடத்தில் ஒலியைக் குறைப்பது. ஆம்ப்பில் 'கெய்ன்' (ஒலியை எத்தனை மடங்கு பெருக்குவது என்ற அளவு) சுவிட்ச் இருந்தால் அதைக் குறைந்த பக்கம் தள்ளுங்கள். பலர் "அதிகம் இருந்தால் நல்லது" என்று ஹை கெய்னில் வைத்திருப்பார்கள். அது போதாவிட்டால் கணினியிலோ போனிலோ ஒலியளவைக் குறைத்து, குமிழ் 11 மணியைத் தாண்டி நிற்கும்படி செய்யுங்கள். "டிஜிட்டலில் குறைத்தால் தரம் போய்விடும்" என்று பயமுறுத்துவார்கள். 6 டெசிபல் குறைத்தால் டிஜிட்டல் ஒலியின் நுணுக்கத்தில் ஒரு பிட் குறைகிறது என்பது உண்மை. 24 பிட் வெளியீட்டில் 20 டெசிபல் குறைத்தாலும் 20 பிட்டுக்கு மேல் மிஞ்சுகிறது. குறுந்தட்டே 16 பிட்தான். விண்டோஸ் கணினியில் சவுண்ட் அமைப்பில் உங்கள் கருவியைத் தேர்ந்தெடுத்து 24 பிட் என்று மாற்றிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

இவை இரண்டுக்கும் அடங்காத அளவுக்கு உணர்திறன் கூடிய இயர்போன் என்றால், ஒலியைக் குறைக்க இடையில் செருகும் அட்டெனுவேட்டர் என்ற சிறு துண்டு கிடைக்கிறது. சில நூறு ரூபாயிலிருந்து சில ஆயிரம் வரை விலை. வெறும் ரெசிஸ்டரைத் (மின்தடையைத்) தொடராக வைத்த மலிவு வகை வேண்டாம். ஒலி எழுப்பும் டிரைவர்கள் ஒன்றுக்கு மேல் உள்ள இயர்போன்களில் அது ஒலியின் நிறத்தையே மாற்றிவிடும்.

5. ப்ளூடூத்தில் படிக்கட்டு பெரிதாக இருக்கிறது

பல ஆண்ட்ராய்டு போன்களில் ஒலியளவுக்கு 15 படிகள், ஐபோன் பொத்தானில் 16. கீழ்ப் படிகளில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவல் பெரிது.

ஐபோனில் பொத்தானை விட்டுவிட்டு, கண்ட்ரோல் சென்டரில் உள்ள கோட்டை விரலால் இழுங்கள். படிகளுக்கு நடுவிலும் நிற்கும். மேக் கணினியில் ஆப்ஷன், ஷிப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு ஒலிப் பொத்தானை அழுத்தினால் கால் படி நகரும். சாம்சங் போனில் 'சவுண்ட் அசிஸ்டன்ட்' என்ற செயலி படிகளை நுணுக்கமாக்கும். இவை எல்லாமே இலவசம்.

ஆண்ட்ராய்டில் டெவலப்பர் ஆப்ஷன்ஸுக்குள் 'டிசேபிள் அப்சொலூட் வால்யூம்' என்று ஒன்று உண்டு. அதைப் போட்டால் போனுக்கு ஒரு ஒலியளவு, ஹெட்ஃபோனுக்கு ஒரு ஒலியளவு என்று பிரிந்துவிடும். இரண்டையும் கலந்து நுணுக்கமாக வைக்கலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை: இப்படிப் பிரித்த பிறகு ஹெட்ஃபோனை முழுதாக வைத்துப் போனை அடிமட்டத்தில் வைக்காதீர்கள். பாட்டு சுருங்கிய நிலையில் ப்ளூடூத்தில் ஏறும், மறுமுனையில் சொரசொரப்பு கேட்கும். போன் உயரத்தில், ஹெட்ஃபோன் தாழ்வில் என்பதே முறை. மாற்றியபின் ப்ளூடூத்தைத் துண்டித்து மறுபடி இணைத்தால்தான் நடப்புக்கு வரும். அந்த முதல் இணைப்பில் சத்தம் திடீரென்று உயரக்கூடும், காதில் மாட்டாமல் கையில் வைத்துக்கொண்டு சோதியுங்கள்.

6. இரைச்சலும் அறைச் சத்தமும்

பாட்டை நிறுத்தினாலும் "ஸ்ஸ்" தொடர்ந்தால், ஒலியளவைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். எப்படித் திருகினாலும் அது மாறாமல் இருந்தால் ஆம்ப்ளிஃபையரின் சொந்த இரைச்சல். லோ கெய்ன் அல்லது அட்டெனுவேட்டர் உதவும். வெளி இரைச்சலை மின்னணு முறையில் அடக்கும் ஏஎன்சி வசதி உள்ள ஹெட்ஃபோனில், அமைதியான அறையில் ஏஎன்சியே இந்தச் சத்தத்தைத் தரும், அணைத்துப் பாருங்கள். அணைத்தால் பேஸின் குணமும் சற்று மாறக்கூடும், அது இயல்பு.

பாட்டின் முதல் நொடி வெட்டுப்படுவது, மெல்லிய ஆலாபனையின் இடைவெளியில் 'டிக்' என்று கேட்பது ஆகியவற்றுக்குக் காரணம் வேறு. சில இயர்பட்களும் யூஎஸ்பி டாங்கிள்களும் (ஹெட்ஃபோனை யூஎஸ்பி துளையில் இணைக்கும் சிறு துண்டு) ஒலி இல்லை என்று நினைத்தவுடன் மின்சாரம் சேமிக்க உறங்கிவிடும். அமைப்பால் இதை மாற்ற முடியாத கருவிகளே அதிகம். திருப்பிக் கொடுக்கும் கெடு இருக்கும்போதே கண்டுபிடித்துவிடுங்கள்.

மின்விசிறியை ஒரு நிமிடம் அணைத்துவிட்டுக் கேளுங்கள். நம் வீடுகளில் இரவெல்லாம் ஓடும் விசிறியும் ஏசியும் பாட்டின் தாழ்ந்த பகுதியை மூடிவிடுகின்றன. விசிறி நின்றதும் தம்புரா தெரிய வந்தால் உங்கள் ஹெட்ஃபோனில் குறையில்லை. அங்கே ஏஎன்சி உண்மையாகவே உதவும், சீரான தாழ்ந்த ஓசையைத்தான் அது நன்றாக அடக்குகிறது.

7. இரவுக்குத் தனி ஈக்வலைசர் (அரை மணி நேரம், செலவில்லை)

கசிவும் சாய்வும் தீர்ந்த பிறகே இதற்கு வாருங்கள். ஓட்டையை அடைக்காமல் பேஸைக் கூட்டுவது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதுதான்.

ஈக்வலைசர் என்பது தாழ்ந்த, நடு, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் வசதி. விண்டோஸில் 'ஈக்வலைசர் ஏபிஓ', ஆண்ட்ராய்டில் 'வேவ்லெட்' ஆகியவை போதும். உங்கள் இரவு ஒலியளவில் வைத்துக்கொண்டு, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே லோ ஷெல்ஃப் வடிகட்டியில் (ஒரு புள்ளிக்குக் கீழுள்ள ஒலி முழுவதையும் சேர்த்து ஏற்றுவது) 4 டெசிபல் கூட்டுங்கள். ஒரு பாட்டு முழுதும் கேளுங்கள். போதாவிட்டால் ஒவ்வொரு டெசிபலாக ஏற்றுங்கள். எனக்கு 6-ல் தொப்பி தன் இடத்துக்கு வந்தது. 8-க்கு மேல் போனால் குரலின் மேல் போர்வை விழுந்ததுபோல் ஆகும். பட்டைகள் மட்டும் உள்ள ஈக்வலைசர் என்றால் 31 ஹெர்ட்ஸில் 5 டெசிபல், 62-ல் 4, 125-ல் 2 என்று தொடங்குங்கள்.

இரண்டு விஷயம் மறக்கக் கூடாது. எவ்வளவு கூட்டினீர்களோ, அதே அளவு, ஈக்வலைசரின் மொத்த ஒலியளவான 'ப்ரீஆம்ப்' பகுதியில் குறையுங்கள். இல்லாவிட்டால் உரத்த இடங்களில் ஒலி நசுங்கும். இதை 'இரவு' என்று தனிப் பெயரில் சேமித்துவையுங்கள். மறுநாள் காலை ஒலியைக் கூட்டும்போது இது நீடித்தால் மண்டை இடிக்கும்.

மெல்லிய இடம் கேட்கவில்லை, உரத்த இடம் தூக்கிவாரிப்போடுகிறது என்பது உங்கள் பிரச்சினை என்றால் ஈக்வலைசரைவிட ஒலியைச் சமன்செய்யும் வசதி பயன்படும். பல விண்டோஸ் கணினிகளில் ஹெட்ஃபோனின் 'என்ஹான்ஸ்மென்ட்ஸ்' பக்கத்தில் 'லவுட்னஸ் ஈக்வலைசேஷன்' இருக்கும். ஐபோனின் மியூசிக் அமைப்பில் 'லேட் நைட்' இருக்கிறது. கச்சேரிக்கு நான் இதைப் போடுவதில்லை, தனி ஆவர்த்தனத்தின் ஏற்றமே தட்டையாகிவிடும். திரைப்படத்துக்கும் உரைக்கும் நல்லது.

இவை எதையும் செய்யாமல் ஒலியை மட்டும் ஏற்றிக்கொண்டே போகாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வைத்திருக்கும் வரம்பு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல், குழந்தைகளுக்கு 75. ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் அந்த நேரம் பாதியாகும்.

8. குறை காதில் நின்றால்

இடம்வலம் மாற்றியும் அதே காதில் சாய்வு நின்றால், காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். பெரும்பாலும் மெழுகாக இருக்கும். பட்ஸ் விட்டு நீங்களே தோண்டாதீர்கள், உள்ளே தள்ளிவிடும். ஆடியோகிராம் என்ற செவித்திறன் சோதனை சுமார் அரை மணி நேரம் எடுக்கும். தனியாரிடம் சில நூறு ரூபாய் முதல் ஆகும். அறிக்கையின் பிரதியைக் கேட்டு வாங்கி வையுங்கள், பின்னால் ஒப்பிட உதவும்.

ஒரு காது திடீரென்று, ஒரே நாளில் மந்தமாகியிருந்தால் ஹெட்ஃபோனைச் சோதித்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். அன்றே மருத்துவரிடம் போங்கள். அதற்கான சிகிச்சை முதல் சில நாட்களில்தான் நன்றாகப் பலன் தரும்.

9. வாரண்டிக்குப் போவதானால்

நான் முதல் முறை வெறுங்கையோடு போனேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் என் ஆம்ப்பைச் செருகி, குமிழைப் பாதிக்கு மேல் திருகி, ஒரு காதில் மட்டும் வைத்துப் பார்த்துவிட்டு "நன்றாகத்தானே இருக்கிறது" என்றார். பரிசோதனைக் கட்டணம் 350 ரூபாய். உரத்த ஒலியில் இந்தக் குறை தெரியவே தெரியாது என்று எனக்கு அப்போது சொல்லத் தெரியவில்லை.

இரண்டாவது முறை இவற்றை எடுத்துக்கொண்டு போனேன், நீங்களும் எடுத்துப் போங்கள்: பில்லின் பிரதி, வாரண்டி அட்டை, சீரியல் எண்ணின் புகைப்படம், உங்கள் சொந்த ஹெட்ஃபோன். குமிழ் எந்த இடத்தில் இருக்கும்போது எந்தப் பக்கம் குறைகிறது என்று இரண்டு வரி எழுதியும் கொண்டுபோங்கள். அந்த வரிகளை ஜாப் ஷீட்டில் (கருவியைப் பெற்றுக்கொண்டு அவர்கள் தரும் ரசீது) அப்படியே எழுதச் சொல்லுங்கள். "சவுண்ட் பிராப்ளம்" என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். கொடுக்கும் தேதியும் திருப்பித் தரும் தேதியும் அதில் இருக்க வேண்டும். எனக்கு 19 நாள் ஆனது. குமிழின் சாய்வு "இந்த மாடலின் இயல்பு" என்று எழுதித் திருப்பிவிட்டார்கள். படி 4-ல் சொன்ன வழியில்தான் தீர்த்துக்கொண்டேன்.

உண்மையான பழுதை மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, கெடு 2 ஆண்டு. அந்த ஜாப் ஷீட்தான் அங்கே உங்கள் சாட்சி.

10. புதிதாக வாங்கியே ஆக வேண்டுமானால்

ஆன்லைனில் வாங்கும் முன் "திருப்பித் தரலாம்", "மாற்றித் தரப்படும்" என்ற இரண்டையும் பிரித்துப் படியுங்கள். மாற்றிக் கொடுப்பது மட்டும் என்றால், பிடிக்காவிட்டாலும் அதே மாடல்தான் மறுபடி வரும். காதுக்குள் செருகும் பொருள்களைப் பெட்டி பிரித்தபின் பல கடைகள் திரும்ப எடுப்பதில்லை. பெட்டி பிரிப்பதை வீடியோ எடுங்கள். வந்த அன்றிரவே, நீங்கள் கேட்கும் நேரத்தில், கேட்கும் அறையில், கேட்கும் ஒலியளவில் படி 1-ஐச் செய்யுங்கள். கெடு 7 நாள் என்றால் ஐந்தாம் நாளுக்குள் முடிவெடுத்துவிடுங்கள், கூரியர் எடுக்க வராமல் இரண்டு நாள் போய்விடும்.

கடையில் நேரில் கேட்பதானால் வார நாளில் காலை, கடை திறந்தவுடன் போங்கள். விற்பனையாளர் வைத்திருக்கும் ஒலியளவை நீங்களே குறையுங்கள், உங்கள் பாட்டையே போடச் சொல்லுங்கள். கண்ணாடி அணிபவர் என்றால் அதைக் கழற்றாமலே கேளுங்கள்.